பாலி பைப்பும் போலி பைப்பும்



"டிரஸர் ஐயா, பிளாஸ்டிக் பைப்புத் தண்ணியக் குடிச்சா கேன்சர் வருமாமே, நெசமா?" மருந்து வாங்க வருகிறவர்களில் பலர் இப்போது இப்படிக் கேட்கிறார்கள். லயங்களில் துருப்பிடித்த பழைய இரும்புக் குழாய்களைப் பிடுங்கிவிட்டு, அவ்விடத்தில் பிளாஸ்டிக் குழாய் போடும் வேலை பல தோட்டங்களில் நடக்கிறது. அதனால் வந்த கேள்விதான் இது. "இரும்பா இருந்தா கெட்டி, பிளாஸ்டிக்னா விஷம்" என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். "தண்ணி வந்தா போதும், எந்தப் பைப்பா இருந்தா நமக்கென்ன" என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள். இரண்டு பேச்சுமே நம் பிள்ளைகளின் வயிற்றுக்கு நல்லதல்ல என்பது என் அபிப்பிராயம்.

பைப்பு எதனால் செய்யப்பட்டது என்பது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. பைப்புக்குள் என்ன தண்ணீர் நுழைகிறது என்பது முதல் கேள்வி. வருகிற வழியில் அதில் என்ன கலக்கிறது என்பது இரண்டாவது. இந்த இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டு சண்டை போட்டால், கான்டிராக்டர் கொண்டுவந்து போட்டதுதான் பைப்பு என்று ஆகிவிடும்.

பொங்கோலில் படிக்க வேண்டிய பாடம்

நம் ஜொகூர்த் தோட்டங்களில் பிறந்த பிள்ளைகள் பலர் பாலம் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்வதும், அங்கேயே குடியேறிவிடுவதும் நமக்குத் தெரிந்த சங்கதி. என் தங்கை குடும்பமும் பொங்கோலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறது. மாப்பிள்ளைக்குக் குழாய் வேலை. உரிமம் பெற்ற ஒரு பிளம்பரிடம் இருக்கிறார். ஆகவே இந்த விஷயத்தில் அவர் சொல்வதை நான் காது கொடுத்துக் கேட்பேன்.

இன்றைய பொங்கோலைப் பார்த்துவிட்டு, அது என்றைக்குமே பட்டணம்தான் என்று நினைக்கக் கூடாது. ஒரு காலத்தில் அங்கேயும் ரப்பர் மரம் நின்றது. கோழிப் பண்ணையும் பன்றிப் பண்ணையும் இருந்தன. 1970களில் கிராஞ்சி நீர்த்தேக்கத்தின் தண்ணீர் கெடக் கூடாது என்பதற்காக அந்தப் பக்கத்துப் பன்றிப் பண்ணைகளைப் பொங்கோலுக்கு மாற்றினார்கள். பிறகு பொங்கோலிலும் அவற்றைப் படிப்படியாக மூடினார்கள். 1996இல் அங்கே புதிய நகரம் கட்டும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2011இல் பொங்கோல் ஆற்று முகத்துவாரத்தை அடைத்து உண்டாக்கிய நீர்த்தேக்கம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. பன்றிப் பண்ணைக் கழிவு ஓடிய வட்டாரம் குடிதண்ணீர் சேர்க்கும் வட்டாரமாக மாறிவிட்டது. இது தானாக நடந்த காரியமல்ல. தண்ணீரைக் கெடுப்பது எது என்று கணக்கெடுத்து, ஒவ்வொன்றாக அகற்றினார்கள்.

பைப்பு விஷயத்திலும் அதே கணக்குத்தான். சிங்கப்பூரிலும் முன்பு நாகம் பூசிய இரும்புக் குழாய்தான் வீட்டுக்கு வீடு போயிற்று. அது துருப்பிடிக்கிறது, ஒழுகுகிறது என்று தெரிந்ததும் திட்டம் போட்டு மாற்றினார்கள். 1993க்குள் சுமார் 180 கிலோமீட்டர் பழைய வார்ப்பிரும்புப் பெருங்குழாய்களும், 68,000க்கும் மேற்பட்ட வீட்டு இணைப்புக் குழாய்களும் மாற்றப்பட்டன. கணக்கில் வராமல் போன தண்ணீர் 1989இல் நூற்றுக்கு 10.6 பங்கு. 1996இல் அது 6.2 பங்காகக் குறைந்தது. நம் நாட்டில் இன்றைக்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீணாகிறது.

"அப்படின்னா ஒங்க ஊர்ல பிளாஸ்டிக்கே கெடையாதா மாப்ளே?" என்று ஒருமுறை கேட்டேன். "ஏன் இல்லாம மச்சான்? செம்பும் இருக்கு, எவர்சில்வரும் இருக்கு, பிளாஸ்டிக்கும் இருக்கு. ஆனா நெனச்ச பிளாஸ்டிக்கப் போட முடியாது" என்றார். தண்ணீரோடு உரசும் பிளாஸ்டிக், ரப்பர் சாமான் எதுவானாலும், அது தண்ணீரைக் கெடுக்கிறதா என்று சோதிக்க எஸ்.எஸ். 375 என்று ஒரு தர விதி வைத்திருக்கிறார்கள். அதில் தேறின சாமானைத்தான் குடிதண்ணீருக்குப் போடலாம். அதையும் உரிமம் உள்ள பிளம்பர்தான் போட வேண்டும். பியூபி எனும் தேசிய நீர் அமைப்பு இதையெல்லாம் கண்காணிக்கிறது.

தோழர்களே, சிங்கப்பூருக்குப் போகும் தண்ணீரில் ஒரு பகுதி நம் ஜொகூர் ஆற்றுத் தண்ணீர். 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை அவர்கள் எடுக்கலாம். 2061 வரை அந்த உரிமை உண்டு. அந்த ஆற்றின் தண்ணீர் அங்கே குழாயைத் திறந்து அப்படியே குடிக்கும் தண்ணீராக இருக்கிறது. ஆற்றுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் நம் பொம்பளைகள் குழாய் வாயில் துணி கட்டி வடிகட்டுகிறார்கள். அங்கே இன்ன பைப்புத்தான் போடலாம் என்று விதி இருக்கிறது, அதைப் பார்க்க ஆளும் இருக்கிறது. இங்கே விதி இருந்தும் பார்க்க ஆளில்லை. முக்கியமான வித்தியாசம் இதுதான்.

இரும்பு ஒன்றும் யோக்கியமல்ல

நாகப் பூச்சு கரைந்து போனதும் இரும்புக் குழாயின் உள்ளே துரு கட்டி கட்டியாகப் படியும். இரண்டு விரல் போகும் குழாயில் பென்சில் போகும் அளவுக்குத்தான் துவாரம் மிஞ்சும். காலையில் முதல் வாளி செம்மண் கரைத்த மாதிரி வருவது அதனால்தான். துரு அவ்வளவாக ஆளைக் கொல்லாது. ஆனால் துருவின் பொந்துகளில் கிருமி குடியிருக்கும், குளோரினும் அங்கே வீணாகிப் போகும்.

துருவைவிடப் பொல்லாதது ஈயம். அமெரிக்காவில் பிளின்ட் என்ற ஊரில் 2014இல் செலவு மிச்சம் என்று தண்ணீர் எடுக்கும் ஆற்றை மாற்றினார்கள். அந்தத் தண்ணீர் குழாயை அரிக்காமல் இருக்கச் செய்ய வேண்டிய பக்குவத்தைச் செய்யவில்லை. பழைய ஈயக் குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இந்த அளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த ஊர்க் குழாய் உலோகக் குழாய்தான். "உலோகமென்றால் பயமில்லை" என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பிளாஸ்டிக் விஷமா?

கேன்சர் பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். பிவிசி பிளாஸ்டிக்கை வினைல் குளோரைடு என்ற வாயுவிலிருந்து செய்கிறார்கள். 1974இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஒரு பிவிசி ஆலைத் தொழிலாளர்களுக்குக் கல்லீரலில் மிக அபூர்வமான புற்றுநோய் வந்து சிலர் இறந்தது வெளியே தெரிந்தது. அந்த வாயுவை வருஷக் கணக்கில் சுவாசித்த தொழிலாளிகள் அவர்கள். நம்மைப் போல உழைத்துச் சாப்பிட்டவர்கள். அதன் பிறகுதான் ஆலைக் காற்றில் அந்த வாயு இவ்வளவுக்கு மேல் இருக்கக் கூடாது என்று அங்கே அளவை 500லிருந்து 1க்கு இறக்கினார்கள். பைப்புக்குள் மிஞ்சி நிற்கும் வாயுவுக்கும் கட்டுப்பாடு வந்தது. சோதனையில் தேறிய இன்றைய குடிதண்ணீர்க் குழாயில் அது பயப்படும் அளவில் இல்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. பிவிசி வெயிலிலும் சூட்டிலும் கெடாமல் இருக்க முன்பு ஈயக் கலவை சேர்ப்பது வழக்கம். ஐரோப்பாவில் 2015க்குள் அதை விட்டுவிட்டார்கள். பேர் ஊர் தெரியாத மலிவுப் பைப்பில் என்ன கலந்திருக்கிறது என்பதை யாரும் பார்த்துச் சொல்ல முடியாது. முத்திரை பார்த்து வாங்கு என்று சொல்வது இதற்காகத்தான்.

கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்கள் பற்றியும் பேச்சு அடிபடுகிறது. குடிதண்ணீரில் இப்போது காணப்படும் அளவில் அதனால் உடலுக்குக் கேடு என்று சொல்லச் சான்று இல்லை, மேலும் ஆராய வேண்டும் என்று 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது. நம் தோட்டத்தில் பிள்ளைகளை ஆஸ்பத்திரியில் படுக்க வைப்பது வயிற்றுப்போக்கும் குடல்காய்ச்சலும். முதலில் அந்தப் பகையைப் பார்ப்போம்.

எந்தப் பைப்பு எதற்கு

கறுப்பாகச் சுருள் சுருளாக வருவதைப் பாலி பைப்பு என்கிறோம். மேலே நீலக் கோடு இருந்தால் அது குடிதண்ணீருக்கு என்று அடையாளம். அதில் கரி கலந்திருப்பதால் வெயிலைத் தாங்கும். வளையும், துருப்பிடிக்காது, மேடு பள்ளமான தோட்டத்து மண்ணுக்கு நல்லது. யுபிவிசி நீட்டு நீட்டாக வரும், பசை போட்டு ஒட்டுவார்கள். மண்ணுக்கடியில் நெடுநாள் உழைக்கும். வெயிலில் கிடந்தால் நொறுங்கிவிடும், சுடுதண்ணீருக்கும் ஆகாது. சூட்டுக் கருவியால் உருக்கி ஒட்டும் பிபிஆர் பைப்பு சுடுதண்ணீரையும் தாங்கும்.

குடிதண்ணீருக்கு ஆகாதவை மூன்று. ஒன்று, மின்சார ஒயர் இழுக்கும் பைப்பு. இரண்டு, கழிவுத் தண்ணீர் போகும் பைப்பு. மூன்று, பூச்செடிக்குப் பாய்ச்சும் ரப்பர் ஹோஸ். வெயிலில் கிடந்த ஹோஸில் நின்ற தண்ணீர் ஒரு வாடை வீசுமே, அது ஹோஸிலிருந்து இறங்கின சரக்கின் வாடை. அதைக் கைக்குழந்தைக்குப் பால் கரைக்க எடுக்காதீர்கள்.

நம் நாட்டில் பாலி பைப்புக்கு எம்.எஸ். 1058, யுபிவிசிக்கு எம்.எஸ். 628 என்று தர எண் உண்டு. பைப்பின் முதுகிலேயே அச்சடித்திருக்கும். ஸ்பான் எனும் தேசிய நீர்ச் சேவை ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும். அச்சும் ஒப்புதலும் இருந்தால் பாலி பைப்பு. இல்லையென்றால் போலி பைப்பு.

நோய் நுழையும் ஓட்டை

நல்ல பைப்பாகவே இருக்கட்டும். போட்ட விதம் கெட்டால் எல்லாம் கெட்டது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் இரண்டு நாள் தண்ணீர் நின்று பிறகு வந்தது. ஒரு வாரத்துக்குள் ஒரே லயத்தில் பதினொரு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. எதிர் லயத்துக்கும் அதே தொட்டித் தண்ணீர்தான், அங்கே ஒரு பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. போய்ப் பார்த்தால், நோய் வந்த லயத்துப் பைப்பு சாக்கடைக்குள்ளேயே படுத்திருந்தது. ஒடிந்த இடத்தில் சைக்கிள் டியூப்பைக் கிழித்துச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். எட்டு மாதக் கைக்குழந்தை ஒன்று கண் குழி விழுந்து துவண்டுவிட்டது. வாயால் உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். நல்லவேளை, பிழைத்தது.

நடந்தது இதுதான். தண்ணீர் அழுத்தமாக ஓடும்போது ஓட்டை வழியாக வெளியே ஒழுகும். தண்ணீர் நின்றதும் குழாய்க்குள் வெறுமை உண்டாகிறது. அப்போது அதே ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே இழுக்கப்படுகிறது. மறுபடி தண்ணீர் விட்டதும், அந்த அழுக்கு முதல் வாளியில் நம் வீட்டுக்கு வருகிறது. இரும்போ பிளாஸ்டிக்கோ, இரண்டுக்கும் இதே கதிதான்.

இதைவிடப் பயங்கரமான ஒன்றை மருந்தடிக்கும் தோழர்கள் கவனிக்க வேண்டும். களைக்கொல்லி கலக்கும் தோம்புக்குள் ஹோஸின் நுனியை முக்கிவைத்துத் தண்ணீர் பிடிக்கிறோம். அந்த நேரம் தண்ணீர் நின்றுவிட்டால், லோரி டாங்கியிலிருந்து டியூப் வைத்து டீசல் இறக்குவது போல, தோம்பில் இருப்பது பைப்புக்குள் பின்னோக்கி ஓடும். லயத்துப் பைப்போடு அந்தக் குழாய் சேர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. மாற்று மருந்தே இல்லாத பாராகுவாட்டை 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள். ஆனாலும் மற்ற மருந்துகள் இருக்கின்றன. ஹோஸ் நுனி தோம்பு விளிம்புக்கு ஒரு சாண் மேலேயே இருக்கட்டும். மருந்து கலக்கும் குழாயில் தண்ணீர் பின்வாங்காமல் தடுக்கும் வால்வு போட வேண்டியது நிர்வாகத்தின் கடமை.

பிளாஸ்டிக்குக்கே உரிய இரண்டு குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெட்ரோலும் டீசலும் ஊறிய மண்ணில் பிளாஸ்டிக் பைப்பைப் புதைத்தால், எண்ணெய்ச் சத்து பைப்பின் சுவரையே ஊடுருவி உள்ளே வரும். டீசல் ஸ்டோர், பட்டறைப் பக்கம் உலோகக் குழாயே போட வேண்டும். இரண்டாவது குறை நெருப்பு. அமெரிக்காவில் 2018இல் பாரடைஸ் என்ற ஊர் தீப்பிடித்து எரிந்த பிறகு, குழாய்த் தண்ணீரில் பென்சீன் என்ற புற்றுநோய்ப் பொருள் இருந்தது தெரிய வந்தது. சூட்டில் கெட்ட பிளாஸ்டிக் பைப்பு அதற்கு ஒரு காரணம். நாம் பைப்பு ஓடும் வழியிலேயே குப்பையைக் குவித்துக் கொளுத்துகிறோம். அதை இன்றோடு நிறுத்துங்கள்.

நம் வீட்டில் நாம் செய்ய வேண்டியது

புதுப் பைப்பு போட்டால் பசை காய ஒரு நாள் விடுங்கள். பிறகு பசை வாடை போகும்வரை தண்ணீரைத் திறந்துவிட்டுக் கழுவுங்கள். தினமும் காலையில் ராத்திரி முழுக்க நின்ற தண்ணீரைக் கொஞ்சம் விட்டுவிட்டுப் பிடியுங்கள். விட்டதை வீணாக்காமல் செடிக்கு ஊற்றலாம். தண்ணீர் நின்று மறுபடி வந்த நாளில் முதல் வாளியைக் குடிக்க எடுக்காதீர்கள். தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள்.

குழாய் ஒழுங்காக வராதபோதுதான் தோம்பில் பிடித்து வைக்கிறோம். மூடாத தோம்பு டிங்கிக் கொசுவுக்குத் தொட்டில். மூடி வையுங்கள், வாரம் ஒருமுறை காலி செய்து உள் சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். களைக்கொல்லி வந்த டின்னை எத்தனை தடவை கழுவினாலும் அதில் தண்ணீர் பிடிக்காதீர்கள்.

பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்றால் மருந்தகத்தில் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். அது கைவசம் இல்லாவிட்டால், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே மருந்தகத்துக்குத் தூக்கி வாருங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

பக்கத்து வீட்டு பைப்பில் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டை போட்டு, டியூப் கட்டி நம் வீட்டுக்கு இழுக்கும் வேலையையும் விட வேண்டும். அந்தக் கட்டு வழியாகத்தான் நம் பிள்ளைக்கும் அவர்கள் பிள்ளைக்கும் சேர்த்து நோய் வருகிறது.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது

1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம், வீடு கொடுக்கும் முதலாளி அந்த வீட்டுக்குப் போதிய குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. பொதுக் குழாய் எட்டாத இடத்தில் வேறு வழியில் தண்ணீர் தந்தால், அதைச் சுத்திகரித்துத் தர வேண்டும். ஆகவே நல்ல குழாய் கேட்பது யாரிடமும் கையேந்துவதல்ல. சட்டம் கொடுத்ததைக் கேட்கிறோம்.

தோட்டக் கமிட்டித் தலைவர்கள் அடுத்த கூட்டத்தில் நான்கு விஷயங்களை எழுத்தில் வைக்கட்டும். பைப்பு வாங்கும் முன்பே அதன் தர எண்ணையும் ஒப்புதலையும் கமிட்டிக்குக் காட்ட வேண்டும். பைப்பை வெயில் படாமல், சாக்கடைக்கு எட்டத்தில், அதைவிட உயரமான மண்ணில் முழங்கால் ஆழம் வெட்டிப் புதைக்க வேண்டும். உரிமம் உள்ள பிளம்பர்தான் மூட்டுப் போட வேண்டும். வேலை முடிந்ததும் குளோரின் விட்டுக் கழுவி, தண்ணீரைச் சோதித்து, அந்தச் சோதனைத் தாளை மருந்தகச் சுவரில் ஒட்ட வேண்டும். நிர்வாகம் மறுத்தால் தொழிலாளர் இலாகாவுக்குப் புகார் எழுதுங்கள். யார் பிள்ளைக்கு எந்தத் தேதியில் வயிற்றுப்போக்கு என்று மருந்தகப் பதிவேட்டில் இருக்கும். தேதியோடு எழுதிய புகாருக்குப் பலம் அதிகம்.

"பிளாஸ்டிக் வேண்டாம், இரும்பையே போடு" என்று கேட்டால் நிர்வாகம் சந்தோஷமாகப் பழைய துருக் குழாயை அப்படியே விட்டுவிடும். "எதுவானாலும் போடு" என்றால் மலிவுச் சரக்கு வந்து சேரும். சோதித்த பைப்பை, தெரிந்த ஆளை வைத்து, சாக்கடைக்கு எட்டத்தில் போடு என்று கேளுங்கள். பொங்கோலில் இருக்கிற நம் பிள்ளைகள் குடிக்கிற தண்ணீரைத் தோட்டத்தில் இருக்கிற நம் பிள்ளைகளும் குடிக்க வேண்டும். பைப்பு வந்து இறங்கும் நாளில் லயத்துக்கு ஒருவராவது போய், அதன் முதுகில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.